மஞ்சள் இறங்கினால் போதுமா?

ரத்தம் எடுக்கக் கையை நீட்டுகிறவரின் கண் மஞ்சளாக இருந்தால், நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "எத்தனை நாளா பச்சை மருந்து குடிக்கிறீங்க?" குடிக்கிறீர்களா என்று கேட்டதில்லை. தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் காமாலை கண்டவர் கீழாநெல்லியைத் தொடாமல் அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்கு வருவது அபூர்வம். வரப்பிலிருந்து வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்த விழுது கொட்டைப்பாக்கு அளவு. மோரிலோ ஆட்டுப்பாலிலோ கரைத்து விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். மூன்று நாள், மஞ்சள் இறங்காவிட்டால் ஏழு நாள். உப்பு, புளி, எண்ணெய் இல்லாத பத்தியம். இது எழுதி வைத்த மருந்துச் சீட்டு இல்லாமலே எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் மனப்பாடம். என் அம்மாவும் எனக்கு இதை அரைத்துக் கொடுத்திருக்கிறார்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். பிறகு ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்து, பணிக்காலம் முழுவதையும் ரத்தக் குழாய்களோடு கழித்து ஓய்வு பெற்றேன். கீழாநெல்லிப் பூவின் புல்லிகளை எண்ணி இனம் சொல்லவும் தெரியும். சுழற்றி எடுத்த சீரத்தின் நிறத்தைப் பார்த்தே பிலிருபின் எவ்வளவு ஏறியிருக்கும் என்று சொல்லவும் தெரியும். செடியையும் ரத்தத்தையும் அருகருகே பார்த்துவந்த பழக்கத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காமாலைக்கு யார் எந்த மருந்து குடித்தாலும், குடிப்பதற்கு முன் ஒரு குழாய் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். அதில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாக வந்தால், ஆறு மாதம் கழித்து இன்னொரு குழாய் கொடுக்க வேண்டும். மருந்து கொடுக்கும் வைத்தியரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கீழாநெல்லி மேல் மரியாதை உள்ளவர்களுக்குத்தான் இதில் பொறுப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். நம் ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து உடைகிறது. உடைந்ததன் கழிவுதான் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள். கல்லீரல் அதை வாங்கி, பித்தத்தில் சேர்த்து, குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 2, 3 என்று தாண்டும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். சிவப்பணு அளவுக்கு மீறி உடைந்தாலும் மஞ்சள்தான். கல்லீரல் வீங்கி வேலையை நிறுத்தினாலும் மஞ்சள்தான். பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்தாலும் மஞ்சள்தான். கண்ணைப் பார்த்து மூன்றையும் பிரிக்க முடியாது. சித்த மருத்துவமே காமாலையை ஊது காமாலை, வறள் காமாலை, மஞ்சள் காமாலை எனப் பல வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரே செடியை எல்லாக் காமாலைக்கும் கொடுக்கும் பழக்கம் அந்த நூல்களிலிருந்து வந்ததில்லை, நம் அவசரத்திலிருந்து வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் அதிகம் பார்த்தது தண்ணீரால் வரும் காமாலை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்த தெருவில் வரிசையாகப் பத்துப் பேருக்கு வரும். இவை ஹெபடைட்டிஸ் ஏ, அல்லது ஈ. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ரத்தத்தின் மூலமும் உடலுறவின் மூலமும் தொற்றும் ஹெபடைட்டிஸ் பி கூட, பெரியவர்களாக வளர்ந்தபின் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. ஏழாம் நாள் பச்சை மருந்து முடிகிறது, பத்தாம் நாள் பசி எடுக்கிறது, மூன்றாம் வாரம் கண் வெளுக்கிறது. மருந்து எதுவும் குடிக்காதவரின் கணக்கும் ஏறத்தாழ இதுதான். அதனால் "குடித்தேன், இறங்கியது" என்ற அனுபவம் எத்தனை ஆயிரம் பேரிடம் இருந்தாலும், செடி வேலை செய்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. செடி வேலை செய்யவில்லை என்றும் அது சொல்லாது. இதைக் கவனிக்க வேண்டும்.

என் மனத்தில் நிற்பது தேங்காய் பறிக்கப் போகும் ஓர் இளைஞரின் முகம். அவருக்குக் காமாலை வந்திருந்தது, பச்சை மருந்து குடித்தார், மஞ்சள் இறங்கியது, மரம் ஏறப் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்காக ரத்தம் கொடுக்க வந்தார். தானமாக வரும் ஒவ்வொரு பையையும் ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்தே ஆக வேண்டும். அவருடைய சோதனைக் கார்டில் ஹெபடைட்டிஸ் பி-க்கு இரண்டாவது கோடு பளிச்சென்று விழுந்தது.

"அக்கா, எனக்குக் காமாலை எப்பவோ சரியாயிடுச்சே. ஏழு நாளும் உப்பில்லாம இருந்தேன்" என்றார்.

"மஞ்சள் இறங்கிடுச்சு தம்பி. கிருமி இறங்கலை."

அந்தக் கிருமி அவருக்கு எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். அன்றைய காமாலை தண்ணீரால் வந்த வேறொன்றாகக்கூட இருந்திருக்கலாம். அன்றைக்கே ஒரு சோதனை செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. உடனே அழைத்துச் சோதித்ததில் அவருக்குத் தொற்று இல்லை, தடுப்பூசி போடப்பட்டது. குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பிறப்பின்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். ஒரு தொந்தரவும் காட்டாமல் முப்பது, நாற்பது வயதுவரை இருந்துவிட்டு, கல்லீரல் சுருக்கமாகவோ கல்லீரல் புற்றாகவோ வெளியே வரும். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களில் பெரும்பாலோரின் கண்ணில் மஞ்சள் இருக்காது. மஞ்சளை மட்டும் பார்த்து மருந்து தொடங்கி, மஞ்சளை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்தும் வழக்கத்தில் இவர்கள் யாருமே அகப்படமாட்டார்கள்.

காத்திருக்கவே கூடாத காமாலைகளும் இருக்கின்றன. எங்கள் டெல்டாவுக்குச் சொந்தமானது எலிக்காய்ச்சல். நடவு வயலில் நிற்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும்; அதிலுள்ள லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிர் கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். காய்ச்சல், கெண்டைக்கால் சதை தொட்டாலே வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள். இது ஆரம்பத்திலேயே பெனிசிலினுக்கும் டாக்சிசைக்கிளினுக்கும் கட்டுப்படும். முற்றினால் சிறுநீரகம் நின்றுபோகும். நடவுக்குப் போன பெண்கள் பச்சை மருந்து குடித்துவிட்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்து, சிறுநீர் வருவது குறைந்தபிறகு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் ஐந்தில் ஒருவர் அளவுக்குக்கூட உயிரிழப்பு நேரலாம். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையாலேயே கல்லீரல் வீங்கலாம். அவர் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். வயதானவருக்கு வலியே இல்லாமல் மஞ்சள் ஏறிக்கொண்டே போய், உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். கல்லாக இருக்கலாம், கணையத்தின் தலைப்பகுதியில் வந்த புற்றாகவும் இருக்கலாம். இவற்றில் எதற்கும் கீழாநெல்லி மேல் பழி இல்லை. போன நாட்கள்தான் போனவை.

இனி அந்தச் செடிக்கு வருகிறேன். கீழாநெல்லியைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களுக்கும் தெரியாத ஒரு வரலாறு அதற்கு உண்டு. அதில் முக்கியமான பகுதி நடந்தது சென்னையில்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடையாளம் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பர்க். அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த நாளான ஜூலை 28தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதே பிளம்பர்க், ஃபிலடெல்ஃபியாவில் வெங்கடேஸ்வரன் முதலியோருடன் சேர்ந்து கீழாநெல்லிச் சாற்றைச் சோதித்தார். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் நொதியை அது சோதனைக் குழாயில் தடுத்தது. மனிதக் கிருமிக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் தொற்றும் வுட்சக் என்ற வட அமெரிக்க விலங்கிலும் பலன் தெரிந்தது. 1987இல் இதை வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்க்கையும் உடன் ஆசிரியராகக் கொண்டு லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி தங்கிவிட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு உலர்த்திப் பொடித்த கீழாநெல்லி, இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மருந்து, இப்படி 30 நாள். முடித்து இரண்டு, மூன்று வாரத்தில் பார்த்தபோது, செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணவில்லை. மற்றப் பிரிவில் 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆயிற்று. முதற்கட்ட ஆய்வு என்றே அவர்கள் சொல்லியிருந்தார்கள். இந்தச் செய்தி அப்போது உலகம் முழுவதும் போனது. சென்னையில் நம் ஆட்கள் நம் வரப்புச் செடியை உலகத்தின் கடுமையான அளவுகோலில் நிறுத்திக் காட்டியதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். மருந்து, போலி மருந்து என்று பிரித்துப் பார்த்தார்கள். மஞ்சளைப் பார்க்காமல் கிருமியைப் பார்த்தார்கள். செய்ய வேண்டிய முறை அதுதான்.

பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்து ஆய்வில் பலன் தெரியவில்லை. 1994இல் நியூசிலாந்திலும் தெரியவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்து, நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு இந்தச் செடிவகை பலன் தருவதாக நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று எழுதியது. 1988ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் மேற்கோள் காட்டி "லான்செட்டே சொல்லிவிட்டது" என்று மேடையில் பேசுகிறவர்கள் மீதியையும் சொல்ல வேண்டும். அரைச் செய்தியை நம்பி, ஹெபடைட்டிஸ் பி-க்கான டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்த எனக்கு இதில் கோபம் உண்டு.

ஆனாலும் கதை அங்கே முடிவதாக நான் நினைக்கவில்லை. தாவரவியல் படித்தவளுக்கு உடனே எழும் ஒரு கேள்வி இருக்கிறது. எந்தக் கீழாநெல்லி?

பிளம்பர்க் குழுவின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரை செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றது. 1988ஆம் ஆண்டுக் கட்டுரை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றது. இந்தக் குழப்பத்துக்கு வயது இருநூற்றுக்கு மேல். 17ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்களின் துணையோடு டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ஹோர்டஸ் மலபாரிக்கஸ் நூலின் பத்தாம் தொகுதியில் "கிர்கநெலி" என்ற பெயரில் இது படத்தோடு இருக்கிறது. லின்னேயஸ் 1753இல் நிரூரி என்று பெயரிட்டபோது அமெரிக்கச் செடியையும் இந்தப் படத்தையும் ஒன்றாகவே கருதிவிட்டார். அதை அப்படியே நம் தாவர நூல்கள் தொடர்ந்தன. 1950களில் கிரேடி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது, இந்தியாவில் இருப்பது வேறு என்று காட்டினார். 1985இல் மித்ராவும் எஸ்.கே. ஜெயினும் இந்திய நூல்களில் நிரூரி என்ற ஒரே பெயருக்குள் அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ் என மூன்று இனங்கள் அடங்கியிருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள்.

அமாரஸ் இனத்தை முதலில் விவரித்தது 1827இல், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடியை வைத்து. அது கரீபியன் பக்கம் தோன்றி வணிகக் கப்பல்களோடு உலகெங்கும் பரவியிருக்கலாம் என்பது வெப்ஸ்டரின் கருத்து. அது சரியென்றால் இன்று நம் வரப்பில் மிகுந்து கிடக்கும் கீழாநெல்லியும் பழைய வைத்தியர்கள் அரைத்த கீழாநெல்லியும் ஒரே இனம்தானா என்ற கேள்வி எழுகிறது. இங்கேயே இயல்பாக வளர்ந்த உறவுச் செடிகள் இருக்கவே இருக்கின்றன. மிளகாய் வந்து நம் சமையலில் மிளகின் இடத்தைப் பிடித்தது போல இதுவும் நடந்திருக்கலாம்.

இனம் வேறானால் உள்ளே இருக்கும் பொருளும் வேறு. கீழாநெல்லியின் கசப்புப் பொருளான ஃபில்லாந்தினை 1946இல் கிருஷ்ணமூர்த்தியும் டி.ஆர். சேஷாத்ரியும் பிரித்தெடுத்தார்கள். கல்லீரலைக் காப்பதாகச் சொல்லப்படும் பொருள்களில் அது முக்கியமானது. அமாரஸில் அது தாராளமாக இருக்கிறது. உறவினங்கள் சிலவற்றில் மிகக் குறைவு. தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளை மரபணு முறையில் சோதித்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய முக்கால்வாசிக் கடைகளின் சரக்கு அமாரஸாக இருந்தது. மீதிக் கடைகளில் வேறு ஐந்து இனங்கள் கலந்திருந்தன. காய்ந்து நொறுங்கிய சரக்கில் எது எது என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

பச்சையாகக் கிடைக்கும்போது இனம் பிரிப்பது அப்படியொன்றும் கஷ்டம் இல்லை. ஒரு லென்ஸ் போதும். முழங்கால் உயரத்துக்குக் கீழே நிற்கும் செடி. நடுத்தண்டில் இலையே இருக்காது, செதில் மட்டும்தான். பக்கவாட்டில் கிளம்பும் மெல்லிய கிளைகளில் இரண்டு வரிசையாக இலைகள் அடுக்கியிருக்கும். அதைப் பார்த்துப் புளிய இலை மாதிரி கூட்டிலை என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். அது கூட்டிலை இல்லை. ஒவ்வொன்றும் தனி இலை. ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் பூ இருப்பதே சான்று. கிளையின் அடிப்பக்கக் கணுக்களில் ஆண்பூ மட்டும். அதற்கு மேலே ஒவ்வொரு கக்கத்திலும் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும். பூவிதழ் போலத் தெரியும் புல்லிகள் ஐந்து இருந்தால் அமாரஸ். ஆறு இருந்தால் வேறு இனம். காய்கள் கிளையின் அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றே பெரிதாக வரிசைகட்டித் தொங்கும். முற்றியதும் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். பூந்தொட்டியில் யாரும் நடாமலே இது முளைப்பதன் ரகசியம் அதுதான். பொழுது சாய்ந்தால் இலைகள் மடங்கிக்கொள்ளும். நம் நெல்லி மரமும் அருநெல்லியும் இதே பேரினம்; பெயர் வைத்தவர்கள் உறவைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

தண்டு செந்நிறமாக, காய்க்குக் காம்பே இல்லாமல், மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அது யூரினாரியா. சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். நடுத்தண்டிலேயே இலை சுற்றிச் சுற்றி முளைத்து, இலை அடியில் குறுகி நுனியில் அகன்றிருந்தால் மேலாநெல்லி. அதன் அறிவியல் பெயரில் மதராஸ் இருக்கிறது: ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். கரிசல் காட்டில் நிறையப் பார்க்கலாம். கடைச் சரக்கில் கலந்துவிடும் இனங்களில் இதுவும் ஒன்று.

காமாலையோடு இதன் பயன் முடிந்துவிடவில்லை. நீர்க்கடுப்புக்கும் வெள்ளைப்படுதலுக்கும் உள்ளுக்குக் கொடுப்பார்கள். இலையை உப்பு வைத்து அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவார்கள். உண்மையான நிரூரி வளரும் பிரேசிலில் மக்கள் அதைக் கல்லுடைக்கும் செடி என்றே அழைத்து, சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயம் வைக்கிறார்கள். அங்கே பல்கலைக்கழகங்களும் அதைத் தொடர்ந்து ஆராய்கின்றன. இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு நாட்டு மக்கள் ஒரே பேரினத்துச் செடியைச் சிறுநீர்க் கோளாறுக்குத் தேர்ந்தெடுத்திருப்பதை அலட்சியமாக விடக்கூடாது.

இப்போது கவலைப்படுத்துவது செடி வரும் இடம். அம்மா பிடுங்கிவந்த காலத்தில் வரப்பை மண்வெட்டியால்தான் செதுக்கினார்கள். இன்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். மருந்து அடித்த மறுநாள் வாடாமல் நிற்கும் செடியைப் பிடுங்கிக் கல்லீரல் நொந்தவருக்குப் பச்சையாக அரைத்துக் கொடுக்கிறோம். எலி ஓடும் அதே வரப்பு. அரைக்க ஊற்றும் தண்ணீரையும் பலர் கொதிக்க வைப்பதில்லை. காமாலையைக் கொண்டுவந்த அதே தண்ணீராகவும் அது இருக்கக்கூடும். வீட்டுக்குத் தேவையானதைத் தொட்டியில் வளர்த்துக்கொள்ள முடியும். இதைவிடச் சுலபமாக வளரும் செடி வேறில்லை. பத்தியம் பற்றியும் ஒரு சொல். வாந்தியில் தளர்ந்தவரை உப்பும் எண்ணெயும் இல்லாமல் நாள் கணக்கில் கஞ்சியோடு வைத்திருந்தால் கல்லீரல் தேறுவதற்கு வேண்டிய சத்து எங்கிருந்து வரும்? வயிறு ஏற்கிற சாதாரண வீட்டுச் சாப்பாடு போதும். சாராயம் மட்டும் ஒரு சொட்டும் கூடாது.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. தமிழ்நாட்டில் ஏராளமான ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தப் பிரிவு அதே வளாகத்தில் இயங்குகிறது. காமாலை என்று சித்த மருத்துவரிடம் வருகிறவர் எவரும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டாமல் மருந்து வாங்கக் கூடாது என்று ஒரு நடைமுறை வேண்டும். நல்ல சித்த மருத்துவர்கள் பலர் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். அது எல்லாருக்கும் விதியாக வேண்டும். கிராமத்தில் பச்சை மருந்து கொடுக்கும் வைத்தியர்களைக் குற்றவாளிகளாக நடத்த வேண்டாம். அவர்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் நோயாளி முதலில் போகிறார். "சோதனைச் சீட்டோட வாங்க, மருந்து தர்றேன்" என்று வைத்தியர் சொன்னால் எங்கள் எந்தச் சுவரொட்டியையும்விட அதற்கு வலு அதிகம். சிலர் காசு வாங்காமல் கொடுக்கிறவர்கள். அவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்க யாரும் போனதில்லை. நான் கேட்ட ஒரு பெரியவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொம்பளைங்க மாசமா இருந்தா நான் எப்பவும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புறேன், மத்தவங்களையும் அனுப்புறேன்" என்றார். இன்றுவரை அனுப்புகிறார்.

கடைச் சரக்கில் இனத்தின் பெயர், விளைந்த இடம், பறித்த மாதம் ஆகிய மூன்றையும் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும். சென்னையில் 1988இல் தொடங்கியதை இனம் உறுதிசெய்த செடியைக் கொண்டு, கூடுதல் பேரிடம், கூடுதல் காலம் சோதித்து முடிக்க நம் சித்தக் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து முன்வர வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் வெளியிட வேண்டும். பலன் இல்லை என்று வந்தால் அதையும் தமிழில், முதல் பக்கத்தில்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி, சி சோதனையும் அதற்கான மாத்திரைகளும் இலவசம். அரசு மருத்துவமனைக்குப் போய், "காமாலைக்குப் பிலிருபினும் ஹெபடைட்டிஸ் பி, சி-யும் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். பி இருப்பதாக வந்தால் வீட்டில் எல்லாரையும் அழைத்துச் சென்று சோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பின்புறத்தில் ஆறு மாதம் கழித்து வரும் தேதியைப் பேனாவால் எழுதி ரேஷன் அட்டையோடு வையுங்கள். கண் வெள்ளைவெளேரென்று இருந்தாலும் அந்தத் தேதியில் வாருங்கள்.